போகிற போக்குவரத்தைப் பார்த்தே இணையத் தாமதத்தை அளப்பது: முழுமையான வழிகாட்டி

“வேகச் சோதனை போட்டால் 100 எம்பிபிஎஸ் காட்டுகிறது. ஆனால் ஒரு சான்றிதழ் பக்கம் திறப்பதற்குள் வரிசையில் நிற்கிறவர்கள் எழுந்து போய்விடுகிறார்கள்.” குமரி மாவட்டத்தில் கடைகளுக்கும் சிறிய அலுவலகங்களுக்கும் நெட்வொர்க் அமைத்துக் கொடுக்கிறவர்கள் அடிக்கடி கேட்கிற பேச்சு இது. சொல்கிறவர் பொய் சொல்லவில்லை. சோதனையும் பொய் சொல்லவில்லை. ஒரு நொடியில் எவ்வளவு தரவு வருகிறது என்பது ஒரு கணக்கு. ஒரு பாக்கெட் (இணையத்தில் தரவு போகும் சிறு பொட்டலம்) போய், அதற்கான பதில் திரும்பி வர எவ்வளவு நேரம் ஆகிறது என்பது வேறு கணக்கு. பக்கம் திறப்பதைத் தீர்மானிப்பது பெரும்பாலும் இரண்டாவதுதான்.

ஓர் இணையப் பக்கம் திறக்கும்போது முதலில் டிஎன்எஸ் என்ற பெயர்ப் பட்டியல் சேவையிடம் தளத்தின் முகவரியைக் கேட்க வேண்டும். பிறகு டிசிபி என்ற முறையில் சர்வரோடு இணைப்பு ஏற்பட ஒரு சுற்று, அதாவது ஒரு முறை போய்வருவது. குறியாக்க முறையான டிஎல்எஸ்ஸின் 1.3 பதிப்பு என்றால் இன்னொரு சுற்று, பழைய 1.2 என்றால் இரண்டு. அதன் பிறகுதான் ‘இந்தப் பக்கத்தைக் கொடு’ என்ற கோரிக்கையே போகும். டிஎன்எஸ்ஸை விட்டுவிட்டாலும் குறைந்தது மூன்று சுற்று. ஒரு சுற்றுக்கு 20 மில்லிநொடி என்றால் முதல் எழுத்து வர 60 மில்லிநொடி. ஒரு சுற்றுக்கு 300 என்றால் கிட்டத்தட்ட ஒரு நொடி. பக்கத்துக்குள் வேறு பத்து சர்வர்களிலிருந்து படமும் நிரலும் வர வேண்டியிருந்தால் அந்தக் கணக்கு ஒவ்வொன்றுக்கும் மறுபடி தொடங்கும். 100 எம்பிபிஎஸ்ஸை 300 ஆக்கினாலும் இதில் எதுவும் குறையாது.

இந்தப் போய்வரும் நேரத்தை, ஒரு சோதனைப் பாக்கெட்கூட அனுப்பாமல், ஏற்கெனவே ஓடிக்கொண்டிருக்கிற போக்குவரத்தைப் பார்த்தே அளக்கலாம். அதற்கான கருவிகள் எல்லாம் திறந்த மூலத்தில் இலவசமாகக் கிடைக்கின்றன. இந்த முறையின் உண்மையான பலன், தாமதம் நம் கட்டடத்துக்குள் இருக்கிறதா, வெளியே இருக்கிறதா என்பதை ஒரே பதிவில் பிரித்துக் காட்டிவிடுவது. அந்தப் பிரிவு தெரியாமல் சேவை நிறுவனத்தோடு சண்டை போடுவதும் வீண்; புதிய ரவுட்டர் வாங்குவதும் வீண்.

பிங் போட்டுப் பார்த்தால் போதாதா?

பிங், ஒரு சோதனைப் பாக்கெட் அனுப்பிப் பதில் வர ஆகும் நேரத்தைக் காட்டும் நல்ல கருவி. முதல் பார்வைக்கு நானும் அதைத்தான் போடுவேன். ஆனால் அது அனுப்புவது ஐசிஎம்பி என்ற தனி வகைப் பாக்கெட். வழியில் இருக்கும் பல ரவுட்டர்கள் அதற்குப் பதில் சொல்வதைக் கடைசி வேலையாக வைத்திருக்கும். சில சர்வர்கள் பதிலே சொல்லாது. மக்கள் உண்மையில் பயன்படுத்தும் டிசிபி இணைப்பு எப்படி நடத்தப்படுகிறது என்பதை அது காட்டுவதில்லை. இன்னொன்று, பிங் நாம் உட்கார்ந்து பார்க்கும்போது மட்டும்தான் அளக்கும். மாலை ஏழு மணிக்கு வருகிற சிக்கலைப் பகல் பதினொரு மணிக்குப் போட்ட பிங் எப்படிக் காட்டும்?

பார்த்தே அளப்பதற்கும் ஒரு குறை உண்டு: போக்குவரத்து இல்லையென்றால் அளவும் இல்லை. கடை மூடியிருக்கும் நேரத்தின் நிலவரம் உங்களுக்குத் தெரியாது. பெரும்பாலும் அது தேவையும் இல்லை.

அளப்பதற்கு முன், தூரம் கேட்கும் குறைந்தபட்சக் கூலி

கண்ணாடி இழையில் ஒளி நொடிக்குச் சுமார் 2,00,000 கிலோமீட்டர் போகும். அதாவது 100 கிலோமீட்டர் தொலைவுக்குப் போய்வர ஒரு மில்லிநொடி. நாகர்கோவிலிலிருந்து சென்னைக்குச் சாலைவழி சுமார் 700 கிலோமீட்டர். இழையும் ஏறத்தாழ அவ்வளவு ஓடுகிறது என்று வைத்துக்கொண்டால் 7 மில்லிநொடிக்குக் கீழே யாராலும் கொடுக்க முடியாது. சென்னையிலிருந்து சிங்கப்பூர் செல்லும் ஐ2ஐ கடலடிக் கேபிளின் நீளம் சுமார் 3,200 கிலோமீட்டர். அதற்கு 32 மில்லிநொடி. ஆக, நாகர்கோவிலில் இருந்துகொண்டு சிங்கப்பூர் சர்வர் 20 மில்லிநொடியில் பதில் தர வேண்டும் என்று எதிர்பார்ப்பது இயற்பியலோடு மல்லுக்கட்டுவது.

வரைபடத்தில் கன்னியாகுமரிக்குச் சென்னையைவிடக் கொழும்பு மிக அருகில் இருக்கிறது. பாக்கெட்டுக்கு அந்த வரைபடம் பொருட்டல்ல. இழை எங்கே போகிறதோ, நிறுவனங்கள் எந்த ஊரில் ஒன்றோடொன்று இணைகின்றனவோ, அந்த வழியாகத்தான் அது போகும். அளக்கும்போது ‘இவ்வளவு அருகில் இருக்கிற இடத்துக்கு ஏன் இத்தனை நேரம்’ என்று தோன்றினால் இதை நினைவில் வையுங்கள்.

படி 1: அனுமதியும் அந்தரங்கமும்

பாக்கெட்டுகளைப் பதிவு செய்வது பிறருடைய போக்குவரத்தைப் பார்ப்பதுதான். உங்கள் சொந்த நெட்வொர்க்கில் மட்டும் செய்யுங்கள். கடை, பள்ளி, அலுவலகம் என்றால் உரிமையாளரிடம் எழுத்தில் அனுமதி வாங்குங்கள். அங்கே இணையத்தைப் பயன்படுத்துகிறவர்களுக்கும் சொல்லிவிடுங்கள். அனுமதியில்லாமல் பிறர் நெட்வொர்க்கில் நுழைந்து தரவு எடுப்பது 2000-ஆம் ஆண்டு தகவல் தொழில்நுட்பச் சட்டத்தின்கீழ் வழக்காகும்.

அதோடு, தேவைக்கு மேல் ஒரு பைட்கூட எடுக்காதீர்கள். நமக்குத் தேவை தலைப்புப் பகுதி மட்டும்: அனுப்புகிறவர், பெறுகிறவர் முகவரிகள் போன்ற குறிப்புகள் இருக்கும் முன்பகுதி. ஈதர்நெட் தலைப்பு 14 பைட், ஐபிவி6 தலைப்பு 40, டிசிபி தலைப்பு அதிகபட்சம் 60, கூட்டினால் 114. சில இணைப்புகளில் சேரும் வீலேன் குறி 4, பிபிபிஓஇ (பயனர்பெயர், கடவுச்சொல் கொடுத்து இணையும் முறை) 8 சேர்த்தாலும் 126. ஆகவே ஒவ்வொரு பாக்கெட்டிலும் முதல் 128 பைட் போதும். உள்ளடக்கத்தின் பெரும்பகுதி பதிவுக்குள் வராது. கோப்பின் அளவும் பல மடங்கு சுருங்கும்.

படி 2: எங்கே நின்று பார்ப்பது

மொத்த வேலையிலும் அதிகம் யோசிக்க வேண்டிய இடம் இது. மூன்று வழிகள் உண்டு.

எளிதானது, உங்கள் கணினியிலேயே பார்ப்பது. அதில் அந்தக் கணினியின் கதை மட்டும் தெரியும். உள்ளே வெளியே என்று பிரிக்க முடியாது.

நான் விரும்புவது ரவுட்டரிலேயே பார்ப்பது. ஓபன்டபிள்யூஆர்டி என்ற திறந்த மூல இயங்குதளம் போட்ட ரவுட்டர் என்றால், பாக்கெட்டுகளைப் பதிவு செய்யும் டிசிபிடம்ப் கருவியின் சிறிய வடிவத்தை அதிலேயே நிறுவலாம். உள்பக்க இடைமுகத்தில், அதாவது ‘பிஆர்-லேன்’ என்று பெயர் காட்டுவதில், பதிவு செய்யுங்கள். வெளிப்பக்கத்தில் செய்தால், ரவுட்டர் தன் முகவரியைப் போட்டு அனுப்புவதால், எல்லாச் சாதனங்களும் ஒரே முகவரியாகத் தெரியும். எந்தக் கணினி தடுமாறுகிறது என்று கண்டுபிடிக்க முடியாது. மேலும் பிபிபிஓஇ இணைப்பின் வெளிக்கம்பியில் ‘டிசிபி’ என்று மட்டும் வடிகட்டி போட்டால் ஒரு பாக்கெட்டும் பதிவாகாது. தலைப்பு நகர்ந்திருப்பதால் வடிகட்டிக்கு அது தெரியாது. ரவுட்டரில் ‘ஃப்ளோ ஆஃப்லோடிங்’ என்ற வேகமூட்டும் வசதி இயங்கினால், இணைப்பு ஏற்பட்ட பிறகு வருகிற பாக்கெட்டுகள் பதிவுக்குச் சிக்காமல் குறுக்கு வழியில் போய்விடும். அளக்கும் நாட்களில் அதை அணைத்து வையுங்கள்.

மூன்றாவது வழி, போர்ட் மிரரிங் வசதி உள்ள ஸ்விட்ச். ரவுட்டருக்குப் போகும் போர்ட்டின் நகலை இன்னொரு போர்ட்டுக்கு அனுப்பச் சொல்லி, அங்கே ஒரு ராஸ்பெரி பை அல்லது பழைய மடிக்கணினியை லினக்ஸ் போட்டு இணைத்துவிடலாம். அலுவலகத்துக்கு இதுதான் தோது. யாருடைய வேலையும் நிற்காது. அந்தக் கணினி பழுதானாலும் இணையம் ஓடும். வைஃபையைத் தருவது ரவுட்டரே என்றால், வைஃபை சாதனங்களின் போக்குவரத்து இந்த ஸ்விட்ச் வழியாக வராது என்பதை மறக்க வேண்டாம்.

படி 3: இரண்டு நிமிடத்தில் முதல் அளவு

எந்தப் பதிவும் இல்லாமல் தொடங்கலாம். லினக்ஸ் தன்னுடைய ஒவ்வொரு டிசிபி இணைப்புக்கும் போய்வரும் நேரத்தை எப்போதும் கணக்கிட்டுக்கொண்டே இருக்கிறது. பதில் வரவில்லையென்றால் எப்போது மறுபடி அனுப்புவது என்று முடிவெடுக்க அதற்கே அது தேவை. அந்தக் கணக்கை எடுத்துக் காட்டும் கட்டளை ‘எஸ்எஸ்’. கட்டளைகளை இங்கே உச்சரிப்புப்படி எழுதுகிறேன். தட்டும்போது ஆங்கிலச் சிற்றெழுத்தில் தட்டுங்கள், பெரிய எழுத்து வேண்டிய இடத்தில் சொல்கிறேன்.

உலாவியில் ஒரு பக்கத்தைத் திறந்து வைத்துவிட்டு, டெர்மினலில் ‘எஸ்எஸ் -டிஐஎன்’ என்று கொடுங்கள். ஒவ்வொரு இணைப்புக்கும் கீழே ‘ஆர்டிடி’ (போய்வரும் நேரம்) என்ற பெயரும், சாய்கோட்டால் பிரிந்த இரண்டு எண்களும் வரும். முதல் எண் மில்லிநொடியில் சராசரி. ஆனால் சாதாரணச் சராசரி அல்ல: ஒவ்வொரு புதிய அளவுக்கும் எட்டில் ஒரு பங்கு எடை கொடுத்து மெல்ல நகர்கிற சராசரி. இரண்டாவது எண் அதன் ஏற்ற இறக்கம். இன்னும் சற்றுத் தள்ளி ‘மின்ஆர்டிடி’ என்று இருக்கும். அண்மையில் கண்ட மிகக் குறைந்த நேரம் அது.

இந்த மூன்று எண்களே பாதிக் கதையைச் சொல்லிவிடும். குறைந்தது 12, சராசரி 14, ஏற்ற இறக்கம் 2 என்றால் அந்த இணைப்பில் குறையில்லை. குறைந்தது 12, சராசரி 190, ஏற்ற இறக்கம் 80 என்றால் தூரம் காரணமல்ல. வழியில் எங்கோ பாக்கெட்டுகள் வரிசையில் நிற்கின்றன. எங்கே என்பதுதான் அடுத்த கேள்வி.

படி 4: பதிவு செய்வது

டிசிபிடம்ப் 1988-இல் அமெரிக்காவின் லாரன்ஸ் பெர்க்லி ஆய்வகத்தில் வான் ஜேக்கப்சன், கிரெய்க் லெரெஸ், ஸ்டீவன் மெக்கேன் ஆகியோர் எழுதியது. இன்றும் இந்த வேலைக்கு அதற்கு நிகர் இல்லை.

கட்டளை இப்படி: ‘சூடோ டிசிபிடம்ப் -ஐ’ என்று எழுதி இடைமுகத்தின் பெயர், பிறகு ‘-எஸ் 128’, பிறகு ‘-டபிள்யூ’ என்று எழுதி கோப்பின் பெயர், கடைசியில் வடிகட்டியாக ‘டிசிபி’. நாள் முழுக்கப் பதிவு செய்வதானால் பெரிய எழுத்து ஜி போட்டு ‘-ஜி 3600’ என்று சேர்த்து, கோப்பின் பெயருக்குள் நேரக் குறியீடு வையுங்கள். ஒரு மணி நேரத்துக்கு ஒரு கோப்பாகப் பிரிந்துவிடும். பின்னால் மணிவாரியாக ஒப்பிடும்போது இந்தப் பிரிப்பு அருமையாகக் கைகொடுக்கும். ரவுட்டரின் உள் நினைவகம் சிறியது. அதில் எழுதாமல் யூஎஸ்பி பென்டிரைவில் எழுதச் செய்யுங்கள்.

முழுப் போக்குவரத்தும் வேண்டாம், இணைப்பு தொடங்கும் பாக்கெட்டுகள் மட்டும் போதும் என்றால், ‘இணைப்பு வேண்டும்’ என்று சொல்லும் சின் கொடி உள்ளவற்றை மட்டும் வடிகட்டலாம். கோப்பு மிகச் சிறியதாகிவிடும். ஆனால் இணைப்பைத் தொடங்கும் மூன்று பாக்கெட் பரிமாற்றமான கைகுலுக்கலின் மூன்றாவது பாக்கெட்டில் அந்தக் கொடி இருக்காது. உள்பக்கத் தாமதத்தை அறிய அதுவே தேவை. ஆகவே முதல் முறை முழு டிசிபியும் எடுங்கள்.

டிஎன்எஸ் தாமதத்தையும் பார்க்க விரும்பினால் அதைத் தனிக் கோப்பாக, டிஎன்எஸ் பயன்படுத்தும் 53-ஆம் போர்ட் எண்ணை வடிகட்டியாக வைத்து, அளவு வெட்டாமல் எடுங்கள். ஒன்றை நினைவில் வையுங்கள்: யார் எந்தத் தளத்துக்குப் போனார் என்பது அதில் அப்பட்டமாக இருக்கும். சில நிமிடங்களுக்கு மேல் எடுக்காதீர்கள்.

படி 5: கைகுலுக்கலைப் படிப்பது

இனி வயர்ஷார்க். 1998-இல் ஜெரால்டு கோம்ப்ஸ் ‘ஈதீரியல்’ என்ற பெயரில் வெளியிட்டு, 2006-இல் இன்றைய பெயருக்கு மாறிய, பதிவான பாக்கெட்டுகளைப் பிரித்துக் காட்டும் கருவி. பதிவுக் கோப்பை இதில் திறங்கள்.

ஒவ்வொரு டிசிபி இணைப்பும் மூன்று பாக்கெட்டுகளில் தொடங்குகிறது. கடைக் கணினி சின் அனுப்புகிறது. சர்வர் சின்-ஆக் அனுப்புகிறது. கடைக் கணினி ஆக், அதாவது ‘கிடைத்தது’ என்ற ஒப்புகை, அனுப்புகிறது. நம் பதிவுக் கருவி இரண்டுக்கும் நடுவே, ரவுட்டரில் இருக்கிறது. ஓர் எடுத்துக்காட்டைக் கையில் எடுப்போம். சின் ரவுட்டரைக் கடந்தது 0 மில்லிநொடியில். சின்-ஆக் வெளியிலிருந்து வந்து கடந்தது 16-இல். ஆக் உள்ளேயிருந்து வந்து கடந்தது 141-இல். முதல் இடைவெளி 16: ரவுட்டரிலிருந்து சர்வர் வரை போய்வந்த நேரம். இரண்டாவது இடைவெளி 125: ரவுட்டரிலிருந்து கடைக் கணினி வரை போய்வந்த நேரம். சர்வர் பல நூறு கிலோமீட்டர் தள்ளி இருக்கிறது. கணினி பக்கத்து அறையில் இருக்கிறது. பக்கத்து அறைக்குத்தான் எட்டு மடங்கு நேரம் பிடித்திருக்கிறது. இதைப் பார்த்த பிறகு சேவை நிறுவனத்தின் புகார் எண்ணுக்குக் கூப்பிட வேண்டிய தேவையே இல்லை. வைஃபையைப் பார்க்க வேண்டும்.

வயர்ஷார்க் இந்தக் கழித்தலைத் தானே செய்து தரும். சின்-ஆக் பாக்கெட்டைத் தேர்ந்தெடுத்து, கீழே டிசிபி பகுதியை விரித்து, ‘சீக்/ஆக் அனாலிசிஸ்’ என்பதற்குள் போனால், இந்த ஒப்புகைக்கு எடுத்த நேரம் என்று ஒரு வரி இருக்கும். அதுவே வெளிப்பக்கம். மூன்றாவது பாக்கெட்டில் அதே வரி உள்பக்கம். அங்கேயே ‘ஐஆர்டிடி’ என்ற வரியும் இருக்கும். அது இரண்டின் கூட்டுத்தொகை. அந்த வரிகளில் வலது சொடுக்குப் போட்டு நெடுவரிசையாகச் சேர்த்துக்கொண்டால் ஆயிரக்கணக்கான இணைப்புகளையும் ஒரே பார்வையில் வரிசைப்படுத்தலாம்.

இங்கே மூன்று இடங்களில் எண் உங்களை ஏமாற்றக்கூடும்.

வெளிப்பக்க நேரம் ஒரு நொடியை ஒட்டியோ, மூன்று நொடியை ஒட்டியோ வந்தால் அது தாமதம் அல்ல, இழப்பு. முதல் சின் வழியில் தொலைந்து, கணினி ஒரு நொடி காத்திருந்து மறுபடி அனுப்பியிருக்கிறது. அதுவும் தொலைந்தால் மேலும் இரண்டு நொடி. இவற்றைச் சராசரியில் சேர்த்தால் கணக்கே கெட்டுவிடும். தனியே எண்ணி வையுங்கள். அந்த எண்ணிக்கையே ஒரு நல்ல சான்று.

உள்பக்க நேரம் 100 மில்லிநொடியை ஒட்டி இருந்து, சாதனம் கைபேசியாகவும் இருந்தால், அது மின்கலச் சேமிப்பாக இருக்கலாம். வைஃபை ரவுட்டர் வழக்கமாக 102.4 மில்லிநொடிக்கு ஒரு முறை அறிவிப்புச் சைகை அனுப்பும்; தூங்கும் கைபேசி அதைக் கேட்டுத்தான் விழித்துத் தன் பாக்கெட்டை வாங்கிக்கொள்ளும். மடிக்கணினி மின்சாரத்தில் இணைந்திருக்கும்போதும் அதே எண் வந்தால்தான் கவலைப்பட வேண்டும்.

இணைப்பு ஏற்பட்ட பிறகு வரும் ஒப்புகைகளில் 40 முதல் 200 மில்லிநொடி வரை கூடுதலாகக் காட்டினால், அது பெறுகிறவர் வேண்டுமென்றே ஒப்புகையைத் தள்ளிப்போடும் வழக்கமாக இருக்கலாம். இரண்டு பாக்கெட்டுக்கு ஒரே ஒப்புகையாகக் கொடுக்க அது காத்திருக்கிறது. கைகுலுக்கலில் இந்தச் சிக்கல் இல்லை. அதனால்தான் அங்கிருந்து தொடங்கச் சொல்கிறேன்.

படி 6: இணைப்பு நீள நீள அளப்பது

கைகுலுக்கல் தொடக்கத்தை மட்டும் காட்டும். அரை மணி நேரம் ஓடுகிற ஒரு பதிவேற்றத்தின் நடுவில் என்ன நடந்தது என்று அறிய டிசிபியின் நேரமுத்திரை வேண்டும். 1992-இல் அறிமுகமாகி, 2014-இல் ஆர்எஃப்சி 7323 என்ற இணைய நெறிமுறை ஆவணமாகத் திருத்தி எழுதப்பட்ட வசதி இது. ஒவ்வொரு பாக்கெட்டிலும் அனுப்புகிறவர் தன் கடிகார எண்ணை எழுதுகிறார். பெறுகிறவர் தன் அடுத்த பாக்கெட்டில் அதை அப்படியே திருப்பி எழுதுகிறார்.

களியக்காவிளை சோதனைச் சாவடியில் நிற்பவர், கேரளாவுக்குப் போகும் லாரியின் சீட்டு எண்ணையும் நேரத்தையும் குறித்துக்கொள்கிறார் என்று வையுங்கள். அதே எண் எழுதிய சீட்டோடு லாரி திரும்பி வரும்போது நேரத்தைக் கழித்தால் போய்வந்த நேரம் கிடைத்துவிடும். லாரியைத் திறந்து பார்க்க வேண்டியதில்லை. கேத்லீன் நிக்கோல்ஸ் எழுதிய ‘பிபிங்’ என்ற கருவி செய்வது சரியாக இதைத்தான். உள்ளடக்கம் குறியாக்கத்தில் இருந்தாலும் தொல்லையில்லை. நேரமுத்திரை தலைப்பில் வெளிப்படையாக இருக்கிறது.

கிட்ஹப் தளத்திலிருந்து பிபிங்கின் மூலநிரலை எடுத்து, அதற்குத் தேவையான ‘லிப்டின்ஸ்’ நூலகத்தை நிறுவி, தொகுத்துக்கொள்ள வேண்டும். ‘-ஐ’ போட்டு இடைமுகத்தின் பெயர் கொடுத்தால் நேரலையில் அளக்கும்; ‘-ஆர்’ போட்டுக் கோப்பைக் கொடுத்தால் பதிவிலிருந்து அளக்கும். ஒவ்வொரு வரியிலும் நேரம், இப்போதைய போய்வரும் நேரம், அந்த இணைப்பில் இதுவரை கண்ட குறைந்தபட்சம், யாரிடமிருந்து யாருக்கு என்பவை வரும்.

பிபிங் ஒரு முத்திரை எண்ணை முதன்முதலாகப் பார்க்கும் நேரத்தையே கணக்கில் எடுக்கும். லினக்ஸில் இந்தக் கடிகாரம் பொதுவாக மில்லிநொடிக்கு ஒருமுறை நகர்வதால் பல பாக்கெட்டுகள் ஒரே எண்ணோடு போகலாம். முதல் வருகையைப் பிடிப்பதுதான் முறை. அடுத்து, சர்வர் அனுப்ப ஏதும் இல்லாமல் சும்மா இருந்துவிட்டு இரண்டு நொடி கழித்துப் பேசினால் அந்த இரண்டு நொடியும் தாமதமாகத் தெரியும். எனவே தனித்தனி அளவுகளை நம்பாமல், பத்து நொடிக்கு ஒரு குறைந்தபட்சம் என்று எடுத்துப் பாருங்கள். விண்டோஸ் கணினிகள் பொதுவாகத் தாமாக இந்த நேரமுத்திரையைக் கேட்பதில்லை. அவற்றின் இணைப்புகளுக்குக் கைகுலுக்கலையே நம்ப வேண்டும். ஆண்ட்ராய்டு, லினக்ஸ், ஆப்பிள் சாதனங்களில் இது இருக்கும்.

வட்டாரக் கேபிள் ஆபரேட்டர்கள் யாராவது இதைப் படித்தால் உங்களுக்கு ஒரு வார்த்தை: நூற்றுக்கணக்கான சந்தாதாரர்களுக்கு இதே வேலையைச் செய்ய ‘லிப்ரேகியூஓஎஸ்’ என்ற திறந்த மூல மென்பொருள் இருக்கிறது. ஒவ்வொரு வாடிக்கையாளரின் டிசிபி போய்வரும் நேரத்தையும், போக்குவரத்தைப் பார்த்தே, திரையில் காட்டும். வாடிக்கையாளர் கூப்பிடும் முன்னரே சிக்கல் உங்களுக்குத் தெரிந்துவிடும்.

படி 7: எண்களை எப்படிச் சுருக்குவது

வயர்ஷார்க்கோடு வரும் ‘டிஷார்க்’ மூலம் தேவையான நெடுவரிசைகளை மட்டும் உரைக் கோப்பாக எடுத்து, லிப்ரேஆபிஸ் கால்க்கில் திறங்கள். சராசரி எடுக்காதீர்கள். நான்கு பெரிய எண்கள் ஆயிரம் சிறிய எண்களைக் கெடுத்துவிடும். மணிக்கு மூன்று எண் போதும்: குறைந்தபட்சம், நடு எண் (வரிசைப்படுத்தினால் நடுவில் வருவது), 95-ஆம் சதமானம் (நூறு அளவுகளில் 95 இதற்குள் அடங்கும்). உள்பக்கத்துக்குத் தனியாக, வெளிப்பக்கத்துக்குத் தனியாக.

குறைந்தபட்சமே ஒரு நாளில் திடீரென்று உயர்ந்து அப்படியே நின்றால், பாதை மாறியிருக்கிறது: எங்கோ இழை அறுந்து வேறு ஊர் சுற்றி வருகிறது. ஐப்பசி மழையில் மரம் விழுந்து கேபிள் அறுகிற காலத்தில் இதைப் பார்க்கலாம். குறைந்தபட்சம் அப்படியே இருக்க, நடு எண்ணும் 95-உம் மாலையில் மட்டும் வெளிப்பக்கத்தில் ஏறினால், நெரிசல். அது உங்கள் இணைப்பிலா, நிறுவனத்தின் மேல்பாதையிலா? அந்த நேரத்தில் உங்கள் பதிவேற்றமும் பதிவிறக்கமும் எவ்வளவு ஓடின என்று பாருங்கள். உங்கள் பக்கம் சும்மா இருந்தும் ஏறியிருந்தால் நெரிசல் நிறுவனத்தின் பக்கம்.

பல இடங்களில் உண்மை வேறாக இருக்கும். மார்த்தாண்டத்தில் ஒரு ஸ்டூடியோ கல்யாண வீடியோவை மேகச் சேமிப்புக்கு ஏற்றுகிறது என்று வையுங்கள். அல்லது கண்காணிப்புக் கேமராக்கள் இடைவிடாமல் பதிவை வெளியே அனுப்புகின்றன. பதிவேற்றம் நிரம்பியவுடன் பாக்கெட்டுகள் மோடத்தின் நினைவகத்தில் வரிசை கட்டும். 20 மில்லிநொடி 400 ஆகும். ‘பஃபர்புளோட்’ என்கிறார்கள். இதற்கு மருந்து கூடுதல் வேகம் அல்ல, வரிசையை ஒழுங்காக நடத்துவது. ஓபன்டபிள்யூஆர்டியில் ‘எஸ்கியூஎம்’ என்ற வரிசை மேலாண்மைத் தொகுப்பை நிறுவி, அதில் ‘கேக்’ என்ற பங்கிடும் முறையைத் தேர்ந்தெடுத்து, உண்மையான வேகத்தில் 85 முதல் 95 விழுக்காடு வரை எல்லை வையுங்கள். வரிசை மோடத்திலிருந்து உங்கள் ரவுட்டருக்கு நகரும். அங்கே அது யாரையும் பட்டினி போடாமல் பங்கிடும். மறுநாள் பதிவை எடுத்து 95-ஆம் சதமானத்தை ஒப்பிட்டுப் பாருங்கள்.

டிசிபிக்கு வெளியே இருப்பவை

யூடியூப் போன்ற பெரிய தளங்கள் இப்போது க்விக் நெறிமுறையில், டிசிபிக்குப் பதிலாக யூடிபி என்ற முறையில், 443-ஆம் போர்ட்டில் ஓடுகின்றன. 2021-இல் ஆர்எஃப்சி 9000 ஆக வந்த இந்த நெறிமுறையில் ஒப்புகைகளும் குறியாக்கத்துக்குள் இருப்பதால் மேலே சொன்ன முறைகள் வேலை செய்யாது. பார்வையாளருக்காக ஒரே ஒரு பிட்டை வெளியே விட்டிருக்கிறார்கள்: ஸ்பின் பிட். ஒவ்வொரு சுற்றுக்கும் அது 0-இலிருந்து 1-க்கும், 1-இலிருந்து 0-க்கும் மாறும். இரண்டு மாற்றங்களுக்கு இடையிலான நேரம் ஒரு சுற்று. வயர்ஷார்க்கில் இந்த பிட்டைப் பார்க்கலாம். ஆனால் அதை இயக்குவது கட்டாயமில்லை. இயக்குகிறவர்களும் குறைந்தது பதினாறில் ஓர் இணைப்பில் அணைத்து வைக்க வேண்டும் என்பது விதி. பிட் மாறாமல் நின்றால் விட்டுவிட்டு அடுத்ததைப் பாருங்கள். யூடிபி 443-ஐத் தடுத்து எல்லாவற்றையும் டிசிபிக்குத் தள்ளலாமே என்று சிலர் சொல்வார்கள். அது அளப்பது அல்ல, தலையிடுவது.

வீடியோ அழைப்பு இந்த மாவட்டத்துக்கு முக்கியம்; வளைகுடாவில் இருக்கிற அப்பாவோடு பிள்ளைகள் பேசுவது அதில்தான். உலாவி வழியாக நடக்கும் அழைப்புகளில் ஒரு நல்ல வாய்ப்பு இருக்கிறது. அழைப்பு நடக்கும்போது ‘எதிர்முனை இன்னும் சம்மதிக்கிறதா’ என்று சுமார் 5 நொடிக்கு ஒருமுறை ஸ்டன் என்ற நெறிமுறையில் கேள்வி போகும், பதில் வரும். கேள்வியிலும் பதிலிலும் ஒரே பரிவர்த்தனை எண் இருக்கும், அது குறியாக்கப்படுவதும் இல்லை. வயர்ஷார்க் இரண்டையும் ஜோடி சேர்த்து இடைப்பட்ட நேரத்தைக் காட்டும். எதிர்முனை துபாயில் இருக்கும் கைபேசியாகவும் இருக்கலாம், நடுவில் உள்ள இடைமாற்று சர்வராகவும் இருக்கலாம். முகவரியைப் பார்த்துத் தெளிந்துகொள்ளுங்கள். நாகர்கோவிலுக்கும் துபாய்க்கும் நேர்த்தொலைவே சுமார் 3,000 கிலோமீட்டர் என்பதால் 30 மில்லிநொடிக்குக் கீழே எண் வந்தால் பதில் சொன்னது நிச்சயமாகத் துபாய் அல்ல.

படி 8: புகாரோடு என்ன கொடுப்பது

வெளிப்பக்கத்தில்தான் சிக்கல் என்று உறுதியானால் ஒரே பக்க அட்டவணை போதும்: ஒரு வாரம், மணிவாரியாக வெளிப்பக்கக் குறைந்தபட்சம், நடு எண், 95-ஆம் சதமானம், சின் தொலைந்த எண்ணிக்கை. அதே மணிகளில் உங்கள் இணைப்பின் பயன்பாட்டையும் பக்கத்தில் போடுங்கள். ‘நீங்கள்தான் அதிகம் பயன்படுத்தியிருப்பீர்கள்’ என்ற பதிலுக்கு இடமிருக்காது. உள்பக்க எண்களையும் சேர்த்தால் ‘உங்கள் வைஃபை சரியில்லை’ என்ற பதிலும் அடைபடும்.

இந்தியத் தொலைத்தொடர்பு ஒழுங்குமுறை ஆணையமான டிராய் தாமதத்துக்கு எல்லை வகுத்திருக்கிறது. 2006-ஆம் ஆண்டு விதிகளில் உள்நாட்டு இணைப்பு முனை வரை 120 மில்லிநொடி, அருகிலுள்ள பன்னாட்டு முனை வரை நிலவழியில் 350, செயற்கைக்கோள் வழியில் 800 என்று இருந்தது. 2024-இல் வந்த புதிய விதிகள் எல்லையை இறுக்கின. அந்த எல்லை நிறுவனத்தின் நெட்வொர்க்குக்கு உள்ளே அளப்பதற்கானது. நீங்கள் அளந்தது தொலைதூரச் சர்வர் வரை. ஆகவே புகாரில் இந்தியாவுக்குள் இருக்கும் சர்வர்களின் எண்களை மட்டும் எடுத்துக் காட்டுங்கள்.

அட்டவணையைக் கொடுங்கள், பதிவுக் கோப்பை யாருக்கும் கொடுக்காதீர்கள். அதில் உள்ள முகவரிகள் உங்கள் வாடிக்கையாளர்களுடையவை. சிக்கல் தீர்ந்ததும் அட்டவணையை வைத்துக்கொண்டு, கோப்புகளைப் பென்டிரைவிலிருந்தும் கணினியிலிருந்தும் அழித்துவிடுங்கள்.